ஏழை நாட்டுக்கு ராக்கெட் எதற்கு? விக்ரம் சாராபாய் வாழ்வு தரும் விடை

கஞ்சிக்கு வழியில்லாத வீட்டில் வாணவேடிக்கை எதற்கு என்று கேட்பது உலக வழக்கம். நம் நாடு ராக்கெட் விடத் தொடங்கிய நாளிலிருந்தே இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது. 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோதும் அது எழத்தான் செய்தது. திருவனந்தபுரத்தில் பிழைக்க வந்திருக்கும் நமக்கு இது எங்கோ டெல்லியில் நடக்கும் விவாதம் அல்ல. பக்கத்துத் தும்பாக் கடற்கரையில்தான் இதற்கு முதல் விடை எழுதப்பட்டது. எழுதியவர் டாக்டர் விக்ரம் சாராபாய்.

சாராபாய் 1919 ஆகஸ்ட் 12-ஆம் தேதி அகமதாபாத்தில் பிறந்தார். தந்தை அம்பாலால் பெரிய மில் அதிபர். விக்ரம் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தபோது இரண்டாம் உலக யுத்தம் மூண்டது. தாயகம் திரும்பி, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சர் சி.வி. ராமனின் மேற்பார்வையில் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார். 1942-இல் நாட்டியக் கலைஞர் மிருணாளினியை மணந்தார். நேதாஜியின் படையில் பணியாற்றிய கேப்டன் லட்சுமியின் தங்கைதான் மிருணாளினி.

யுத்தம் முடிந்தபின் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று, 1947-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்த ஆண்டே அகமதாபாத்தில் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தைத் தொடங்கினார். நெசவாலைத் தொழிலுக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைவதற்கும் முன்னின்றார். விஞ்ஞானம் புத்தகத்தோடு நின்றுவிடாமல் தொழிலுக்கும் உதவவேண்டும் என்ற எண்ணம் அப்போதே அவரிடம் வேரூன்றியிருந்தது.

ஆலயத்தில் ஆபீஸ், சைக்கிளில் ராக்கெட்

1962-இல் விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு சாராபாயின் தலைமையில் அமைந்தது. ராக்கெட் தளத்துக்கு இடம் தேடியவர்களின் கண்ணில் பட்டது தும்பா. பூமியின் காந்த நடுக்கோடு இவ்வூரை ஒட்டிச் செல்கிறது. அந்தக் கோட்டின் மேலே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில் வலிமையான மின்னோட்டம் ஒன்று உண்டு. பலூன் அவ்வளவு உயரம் போகாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்வாகச் சுற்ற இயலாது. அங்கே போய் அளந்துவர ராக்கெட் ஒன்றே வழி.

ஆனால் தும்பா காலி மணல்வெளி அல்லவே! மீனவர் குடும்பங்கள் வாழ்ந்த ஊர். நடுவே மகதலேனா மரியாள் ஆலயம். அன்றைய ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைராவைச் சாராபாய் சந்தித்து உதவி கேட்டார். ஆயர் மக்களிடம் எடுத்துச் சொன்னார், மக்களும் இசைந்தார்கள். வீட்டையும் ஆலயத்தையும் விட்டுக்கொடுத்து வேறிடம் பெயர்ந்தார்கள். ஆலயம் அலுவலகமாயிற்று, மாட்டுத் தொழுவம் ஆய்வுக்கூடமாயிற்று. ராக்கெட்டின் பாகங்கள் சைக்கிளில் வந்து சேர்ந்தன. ராமேசுவரத்து அப்துல் கலாம் அந்தச் சிறு கூட்டத்தில் ஒருவர்.

1963 நவம்பர் 21-ஆம் தேதி மாலை முதல் ராக்கெட் சீறிப் பாய்ந்தது. அது அமெரிக்கா தந்த ராக்கெட். நான்கே ஆண்டுகளில், 1967-இல், இங்கேயே செய்த ரோகிணி என்ற சிறு ராக்கெட் பறந்தது. 1969 ஆகஸ்ட் 15-இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் உதயமாயிற்று.

அவர் போட்ட நிபந்தனை

வல்லரசுகளோடு போட்டியிட்டு நிலவுக்கு ஆள் அனுப்பும் ஆசை தமக்கில்லை என்பதைச் சாராபாய் வெளிப்படையாகச் சொல்லிவந்தார். புதிய விஞ்ஞானத்தை மக்களின் குறை தீர்க்கப் பயன்படுத்துவதில் மட்டும் நாம் யாருக்கும் பின்தங்கக்கூடாது என்பதே அவர் கொள்கை. அதன்படி, கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகக் கல்வி ஒளிபரப்ப 1969-இல் அமெரிக்காவுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1975-76-இல் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களில் உழவும் சுகாதாரமும் டெலிவிஷனில் கற்பிக்கப்பட்டன. அதைக் காண அவர் இல்லை. 1971 டிசம்பர் 30-ஆம் தேதி, தும்பாப் பணிக்காக வந்திருந்த இடத்தில், கோவளம் ஹால்சியன் மாளிகையில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 52.

கணக்குப் பார்ப்போம்

சாராபாய் போட்ட விதை வீண்போயிற்றா? 1999-இல் ஒரிசாவைத் தாக்கிய பெரும் புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டனர். 2013-இல் அதே கரையை பைலின் புயல் தாக்கியபோது சாவு சில பத்துகளோடு நின்றது. செயற்கைக்கோள் முன்கூட்டியே காட்டியது. அரசாங்கம் லட்சக்கணக்கான மக்களை முன்னதாகவே அப்புறப்படுத்தியது. இரண்டும் சேர்ந்தே உயிர்களைக் காத்தன.

செலவு எவ்வளவு? 2024-25 மத்திய பட்ஜெட்டில் விண்வெளித் துறைக்கு ஒதுக்கியது சுமார் 13,000 கோடி ரூபாய். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் மொத்தச் செலவில் இது நூறு ரூபாய்க்கு முப்பது காசுகூட இல்லை.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். வானத்தில் செயற்கைக்கோள் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. எச்சரிக்கை படகுக்குப் போய்ச் சேரவில்லை. எத்தனையோ பேர் கரை திரும்பவில்லை. அதற்குப் பிறகே, செயற்கைக்கோள் வழியே நடுக்கடலிலும் எச்சரிக்கை பெறும் நாவிக் கருவிகளைப் படகுகளுக்கு வழங்கத் தொடங்கினார்கள்.

ராக்கெட்டுக்காக முதன்முதலில் மண்ணை விட்டுக்கொடுத்தவர்கள் மீனவர்கள். அந்த ராக்கெட்டின் பலன் கடைசியாகப் போய்ச் சேர்ந்ததும் அவர்களுக்கே என்றால் அது சரியான கணக்கல்ல. இதில் குறை ராக்கெட்டுக்குச் செலவிட்டதில் இல்லை. அதன் பலனைக் கரையிலிருந்து படகு வரை கொண்டுசேர்க்கும் சிறு செலவைத் தள்ளிப்போட்டதில்தான் இருக்கிறது.

எனவே விண்வெளிக்குச் செலவிடலாமா என்று கேட்டால், தாராளமாகச் செலவிடலாம். ஆனால் சாராபாய் போட்ட நிபந்தனையோடு செலவிடவேண்டும். அவர் பெயரைத் தாங்கி நிற்கும் தும்பா நிலையத்துக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறில்லை.