சீமைப் படிப்பின் விலை: ஸ்ரீநிவாஸ ராமாநுஜன் சரிதம்

திருநீர்மலையின் படிகளில் மாலை வேளையில் அமர்ந்திருப்போர், மீனம்பாக்கத்திலிருந்து ஆகாய விமானங்கள் மேலெழுந்து செல்வதைக் காணலாம். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் முதலிய நம் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் பலர் அயல்நாட்டுக் கல்வியை நாடி அவ்வழியே செல்கின்றனர். அவர்களை வழியனுப்பும் பெற்றோர், படிப்புச் சம்பளம் இவ்வளவு, விடுதிக்கு இவ்வளவு, வங்கிக் கடனுக்கு வட்டி இவ்வளவு என்று கணக்கெழுதி வைக்கின்றனர். அக்கணக்கு இன்றியமையாததே. ஆயினும் அதில் ஏறாத செலவுகளும் சில உள. அவற்றை அறிய விரும்புவோர்க்குக் கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜன் அவர்களின் சரிதத்தினும் சிறந்த பாடம் வேறில்லை என்பது நம் எண்ணம்.

ராமாநுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார், வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தையார் ஜவுளிக்கடையில் குமாஸ்தா; மாத ஊதியம் சுமார் 20 ரூபாய். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடிக் குடும்பத்துக்குச் சிறிது துணை செய்தார். கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் ராமாநுஜன் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணிதம் ஒன்றிலேயே மனம் தோய்ந்து, ஆங்கிலம் முதலிய பாடங்களில் தேறாமற்போனதால் அச்சம்பளம் நின்றது. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எப்.ஏ. பரீட்சையில் வெற்றி கிட்டவில்லை. 1909-இல் ஜானகி அம்மாளை மணந்தார், பிழைப்புக்கு வழியில்லை.

இந்நிலையில், நெல்லூரில் கலெக்டராயிருந்த திவான் பகதூர் ராமச்சந்திர ராவ் அவர்கள் மாதம் 25 ரூபாய் உதவி ஆதரித்தார்கள். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் 30 ரூபாய் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கிருந்தே 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் கணித முடிவுகளை எழுதியனுப்பினார். அக்கடிதம் அவர்தம் வாழ்வைத் திருப்பியது. அவ்வாண்டே சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் வழங்கியது. 1914-இன் தொடக்கத்தில் சென்னைக்கு வந்த கேம்பிரிட்ஜ் ஆசிரியர் நெவில், அவரைச் சீமைக்கு அழைத்துச் செல்லப் பெரிதும் முயன்றார். துறைமுகத் தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் கவர்னர் பெண்ட்லண்டு பிரபுவின் அந்தரங்கக் காரியதரிசிக்கு எழுதினார். முடிவில் சர்வகலாசாலை ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளமும், பிரயாணச் செலவும், உடைக்கான தொகையும் அளிக்க இசைந்தது.

அத்தொகையின் அளவை நேயர்கள் நினைத்துப் பார்த்தல் வேண்டும். அந்நாளில் ஒரு பவுன் 15 ரூபாய்க்குச் சமம். எனவே 250 பவுன் 3,750 ரூபாய் ஆகும். அவர் தந்தையார் பதினைந்து ஆண்டுகள் உழைத்து ஈட்டக்கூடியது அது! அதிலிருந்து மாதம் 60 ரூபாயைக் குடும்பத்துக்கு ஒதுக்கிவிட்டே ராமாநுஜன் கப்பலேறினார். டிரினிடி கல்லூரியும் ஆண்டுக்கு 60 பவுன் தந்தது. பணத்தைப் பொறுத்தவரை அவருக்குக் குறைவில்லை. குறைவு பிறிதோரிடத்தில் இருந்தது.

கடல் கடத்தல் ஆசாரத்துக்கு விரோதம் என்று குலத்தார் கருதிய காலம் அது. அவரும் முதலில் மறுத்தவரே; தாயார் மனமிசைந்த பின்னரே துணிந்தார். குடுமியை எடுத்து, மேனாட்டு உடை தரித்து, 1914 மார்ச் 17-ஆம் நாள் நெவாஸா என்னும் கப்பலில் புறப்பட்டார். இளம் மனைவி இங்கேயே தங்கினார். ஆகஸ்டில் ஐரோப்பிய மகாயுத்தம் மூண்டது. சைவ உணவன்றிப் பிறிதுண்ணாத அவர், கல்லூரி உணவை ஏற்காது தம் அறையிலேயே சமைத்துண்டார். புளியும் தேங்காயெண்ணெயும் ஊரிலிருந்து தபாலில் வரவேண்டியிருந்தன. யுத்தத்தால் காய்கறிகளும் அருகின. ஆராய்ச்சியில் ஆழ்ந்து வேளை தவறி உண்பதும் உறங்குவதும் வழக்கமாயின.

குளிரின் கதையைக் கேட்பின் உள்ளம் உருகும். ஒருநாள் அவர் அறைக்குச் சென்ற மஹலனோபிஸ், அவர் குளிரில் வருந்துவதையறிந்து படுக்கையைப் பார்த்தார். கம்பளிகள் விரிப்பின்மேல் இறுக்கிச் செருகப்பட்டிருந்தன. அவற்றினுள்ளே நுழைந்து படுத்தல் வேண்டுமென ராமாநுஜன் அறியார். அவற்றின்மேல் படுத்து மேலங்கியைப் போர்த்தி வந்திருக்கிறார். எண்களின் இரகசியங்களை யெல்லாம் கண்டவருக்கு இச்சிறு செய்தியைச் சொல்ல ஒருவரும் இருந்திலர்!

1917-இல் நோய் பற்றியது. வைத்திய சாலைகள் பலவற்றில் மாறி மாறிக் கிடந்தார். அக்கால வைத்தியர் பலர் க்ஷயமென ஐயுற்றனர். ஈரலில் தங்கிய பழைய சீதபேதிக் கிருமியே காரணமாகலாம் எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் கூறுவர். வீட்டில் மாமிக்கும் மருமகளுக்கும் ஒற்றுமையில்லை. ஊர்க் கடிதங்கள் அருகின. மனம் நொந்து தம் உயிரையே விடத் துணிந்த ஒரு நாளும் வந்தது. தெய்வாதீனமாக உயிர் தப்பினார். அந்த 1918-ஆம் ஆண்டிலேயே ராயல் சொஸைட்டியின் அங்கத்தினராகவும், டிரினிடி கல்லூரியின் பெல்லோவாகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். இந்தியருள் இரண்டாமவர் முன்னதற்கு, முதல்வர் பின்னதற்கு. ஓர் எண்ணைக் கூட்டலாக எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்பதற்கு ஹார்டியுடன் அவர் கண்ட முறை வெளிவந்ததும் அவ்வாண்டே.

சர்வகலாசாலை மேலும் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 250 பவுன் தர முன்வந்தது. அதற்கு அவர் 1919 ஜனவரியில் எழுதிய விடையே அவர் பெருமைக்குச் சான்று. தமக்கு அத்தொகை மிகுதி என்றும், பெற்றோருக்கு 50 பவுனும் தம் அவசியச் செலவும் போக எஞ்சியதை ஏழைப் பிள்ளைகளின் கல்விக்குச் செலவிடுக என்றும் தெரிவித்தார். பள்ளிச் சம்பளம் கட்ட வழியின்றித் தாம் தவித்ததை அவர் மறந்திலர்.

1919 மார்ச்சில் தாயகம் திரும்பினார். நோய் தணியவில்லை. படுக்கையிலும் கணக்கை விடாது, 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சேத்துப்பட்டில், தம் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். கடல் கடந்தவர், பிராயச்சித்தம் செய்யாதவர் என்று உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கும் வரவில்லை. ஜானகி அம்மாள் சர்வகலாசாலையின் சிறு உதவித்தொகையோடு தையற்றொழிலும் செய்து நெடுங்காலம் வாழ்ந்து, 1994-இல் காலமானார்.

அன்பர்களே! ஜாதிச் சங்கமாகக் கூடியிருக்கும் நாம் இவ்விடத்தில் சற்றே நின்று சிந்தித்தல் வேண்டும். பவுன் கணக்கைச் சர்வகலாசாலை செலுத்திற்று. அன்புக் கணக்கைச் செலுத்தவேண்டியவர்கள் சொந்த ஜனங்கள். அவர்களோ செலுத்தத் தவறினர். இன்று கடல் கடப்பதைத் தோஷமென்பார் இல்லை. ஆயினும் பரீட்சையில் தவறிய பிள்ளையை, வேலையின்றித் திரும்பிய பிள்ளையைப் புறம் பேசும் வழக்கம் நம்மிடையே ஒழியவில்லை. அதுவும் ஒருவகை விலக்கே.

ஆதலால் நம் இல்லத்துப் பிள்ளை வெளிநாடு செல்லுங்கால், கட்டணத்தை மட்டும் கணக்கிடாது, அவன் உண்பது என்ன, நோயுற்றால் பார்ப்பவர் யார், குளிருக்கு அவன் அறியவேண்டுவது யாது என்பவற்றையும் கேட்டறிவோமாக. வீட்டுப் பிணக்குகளை அவனுக்கு எட்டவிடாது, வாரந்தவறாமல் நல்வார்த்தை பேசுவோமாக. வென்று வந்தாலும் தோற்று வந்தாலும் வாசலில் நின்று வரவேற்போமாக. பொருள் பெற்றுத் தழைக்கும் பிள்ளைகளும், ராமாநுஜனைப் போல் ஏழை மாணவர் ஒருவரையேனும் நினைப்பாராக.