சின்னப்பாவின் சம்பளக் கணக்கு

2025 ஆகஸ்ட் மாதத்தின் தொடக்கத்தில் இந்தியக் கால்பந்து உலகிலிருந்து அடுத்தடுத்து இரண்டு அறிவிப்புகள் வந்தன. பெங்களூரு எஃப்.சி. தன் முதல்நிலை அணியின் வீரர்களுக்கும் பணியாளர்களுக்கும் ஊதியத்தைக் காலவரையின்றி நிறுத்தி வைத்தது. சில நாள்களில் சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளையே தற்காலிகமாக நிறுத்திக்கொண்டது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனமும் போட்டியை நடத்தும் நிறுவனமும் 2010-இல் செய்துகொண்ட பதினைந்தாண்டு ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிவதாக இருந்தது. புதிய ஒப்பந்தம் உருவாகவில்லை. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது முதல் பெரும்பாலான கழகங்கள் நுழைவுச்சீட்டு வருமானத்தில் நடக்கவில்லை. உரிமையாளரின் பையிலிருந்து வரும் பணத்தில்தான் நடந்தன. போட்டியே நடக்குமா என்று தெரியாத நிலையில் பையின் வாய் மூடிக்கொண்டது.

உரிமையாளர்கள்மீது குற்றம் சுமத்த நான் இதை எழுதவில்லை. ஆண்டுக்காண்டு நஷ்டத்தைச் சுமப்பவர் ஓரிடத்தில் நிற்கத்தான் செய்வார். ஆனால் புதுக்கோட்டைக்காரனான எனக்கு அச்செய்தியைப் படித்தபோது கால்பந்து வீரர் எவரும் நினைவுக்கு வரவில்லை; ஒரு நடிகர்தான் வந்தார். எங்கள் ஊரின் பெயரையே தன் முதலெழுத்தாகச் சுமந்த பி.யு.சின்னப்பா.

1916 மே 5 அன்று புதுக்கோட்டையில் பிறந்தவர். இயற்பெயர் சின்னசாமி. தந்தை உலகநாத பிள்ளை நாடக நடிகர்; ஆகவே வீட்டில் பாட்டு இருந்தது, பணம் இல்லை. படிப்பு சிறு வயதிலேயே நின்றது. சிறுவன் சிறிது காலம் கயிறு திரிக்கும் வேலைக்குப் போனதாகச் சொல்வார்கள். பிறகு சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் சேர்ந்தான். அங்கே கிடைத்தவை சிறு வேடங்கள். சில மாதங்களுக்குமேல் நிலைக்கவில்லை.

அக்காலத்துச் சிறுவர் நாடகக் கம்பெனியின் பொருளாதாரத்தை இன்றைய வாசகருக்குச் சற்று விளக்க வேண்டும். ஊர் ஊராகக் கொட்டகை போட்டு, ஓரிடத்தில் சில வாரங்களோ மாதங்களோ நாடகம் நடத்திவிட்டு, திரைச்சீலைகளையும் உடுப்புப் பெட்டிகளையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகும் அமைப்பு அது. முதலாளி பல பத்துச் சிறுவர்களுக்குச் சோறு போட வேண்டும். வாத்தியாருக்கும் ஆர்மோனியக்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் சம்பளம் தர வேண்டும். மழை பெய்தால் வசூல் இல்லை. சோற்றுச் செலவு மட்டும் நிற்காது. சிறுவனுக்குப் பாட்டும் வசனமும் ஏற்றி மேடைக்குத் தேற்ற மாதக்கணக்கில் ஆகும். அந்தச் செலவைத் திரும்ப எடுக்கும் முன்னரே போட்டிக் கம்பெனி அவனை ஆசை காட்டி அழைத்துக்கொண்டு போய்விடும். இதற்குத்தான் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிய ஆண்டுக் கணக்கு ஒப்பந்தங்கள்.

இதைத்தான் இன்று கால்பந்தில் வேறு பெயர்களில் செய்கிறார்கள். ஒரு வீரரை விலை கொடுத்து வாங்கிய கழகம், அந்த விலையை ஒப்பந்த ஆண்டுகளால் வகுத்து ஆண்டுதோறும் செலவாக எழுதிக்கொள்கிறது. சிறுவயதில் அவரை வளர்த்த கழகத்துக்கும் பின்னாளைய மாற்றுத் தொகையில் ஒரு பங்கு போய்ச் சேர உலகக் கால்பந்து சம்மேளனம் விதி செய்திருக்கிறது. நாடக முதலாளிக்கு அப்படி எந்த ஈடும் கிடையாது. சிறுவன் ஓடிப்போனால் போட்ட முதலும் ஓடிப்போயிற்று. கம்பெனி வீடுகளில் நிலவிய கடுமையான கட்டுக்காவலுக்கு இந்த அச்சம் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். அது அந்தக் கடுமையை நியாயப்படுத்திவிடாது. கையெழுத்திட்டது பெற்றோர், அடி வாங்கியது பிள்ளை.

சச்சிதானந்தம் பிள்ளை நடத்திய மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி புதுக்கோட்டைக்கு வந்து நாடகம் நடத்தியபோது சின்னப்பா அதில் சேர்ந்தார். மூன்று ஆண்டு ஒப்பந்தம், மாதம் 15 ரூபாய் சம்பளம் என்பது அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் தரும் கணக்கு. சோறும் படுக்கையும் கம்பெனியுடையவை. ஒரு நாள் அவர் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்ட முதலாளி, அந்தக் குரலின் மதிப்பை அங்கேயே உணர்ந்து, சம்பளத்தை 75 ரூபாயாக உயர்த்தி ராஜபார்ட் வேடத்தையும் தந்தார் என்கிறார்கள். ஒரேயடியாக ஐந்து மடங்கு. முதலாளியின் தயாள குணத்துக்கு இதில் பங்கு இருந்திருக்கலாம். ஆனால் ராஜபார்ட் பாடுவதைக் கேட்கத்தான் கூட்டம் சீட்டு வாங்குகிறது என்பதும், அதைப் போட்டிக் கம்பெனியும் அறியும் என்பதும் அதைவிடப் பெரிய காரணங்களாக இருந்திருக்கும். இங்கிலாந்தில் அப்போது எவ்வளவு சிறந்த கால்பந்து வீரரானாலும் விதித்த உச்ச ஊதியத்துக்கு மேல் ஒரு பவுன்கூடத் தரக் கூடாது என்ற கட்டுப்பாடு நடைமுறையில் இருந்தது. 1961-இல்தான் அது ஒழிந்தது. இந்த ஒரு விஷயத்தில் மதுரை நாடகக் கொட்டகை லண்டனைவிட முன்னே இருந்தது.

சம்பளம் உயர்ந்த கையோடு காலம் தன் கணக்கைக் கேட்டது. சிறுவனின் குரல் ஒரு வயதில் உடையும். நாடக உலகம் மகரக்கட்டு என்று சொல்லும் அந்தப் பருவத்தைக் கண்டு நடுங்காத ராஜபார்ட் இல்லை. காலில் அடிபட்ட பந்தாட்டக்காரருக்காவது மருத்துவரும் ஓய்வும் உண்டு. குரல் உடைந்த பையனுக்கு என்ன உண்டு? அதே கொட்டகையில் நேற்றுவரை கைதட்டல் வாங்கியவன் இன்று வாய் திறந்தால் சிரிப்பார்கள். சின்னப்பா கம்பெனியை விட்டு ஊருக்குத் திரும்பினார். பதின்வயதில் பணி ஓய்வு.

அந்த ஆண்டுகளில் அவர் செய்தது என்னை எப்போதும் வியக்க வைக்கும். முறையாகச் சங்கீதம் பயின்றார். குரலைப் புதிதாகக் கட்டினார். உடற்பயிற்சி, பளு தூக்குதல், சிலம்பம் என்று உடம்பையும் கட்டினார். எந்த முதலாளியும் இதற்குச் செலவு செய்யவில்லை. தன்மீது தானே முதலீடு செய்துகொண்டார் என்று சொல்ல வேண்டும். பிறகு ஸ்பெஷல் நாடகங்களில் நடித்தார். அதில் கம்பெனி இல்லை, மாதச் சம்பளம் இல்லை. ஓர் இரவு, ஒரு தொகை, மறுநாள் வேறு ஊர்.

1936-இல் ஜூபிடர் நிறுவனத்தின் சந்திரகாந்தா அவரைத் திரைக்குக் கொண்டு வந்தது. பேசும்படம் வந்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. நட்சத்திர ஊதியம் என்ற ஒன்று ஏற்கெனவே பிறந்திருந்தது. 1935-இல் வெளியான நந்தனார் படத்துக்காக கே.பி.சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் தரப்பட்டதும், அந்தப் படம் எதிர்பார்த்தபடி ஓடாததும் தயாரிப்பாளர்கள் எல்லோரும் அறிந்த கதை. பெயருக்குக் கொடுத்த விலை வசூலில் திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதைத் தமிழ்த் திரையுலகம் தன் குழந்தைப் பருவத்திலேயே கற்றது. கற்றதைப் பின்பற்றியதா என்பது வேறு கேள்வி. ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம் அணிக்கான செலவு வருமானத்தில் 70 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று இப்போது வரம்பு கட்டியிருக்கிறது. நம் திரையுலகில் அப்படி ஒரு கோடு போட இன்றுவரை யாரும் துணிந்ததில்லை.

சந்திரகாந்தாவுக்குப் பின் சில படங்கள். பிறகு வாய்ப்புகள் வற்றின. இரண்டாவது முறையாக அவர் வெறும் கையோடு நின்றார். வாழ்வில் பிடிப்பற்றுப் போய் மௌன விரதம் பூண்டார் என்றுகூடச் சொல்வதுண்டு. அந்நிலையில் அவரை அழைத்தவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம். ஸ்டுடியோவை ஓர் ஆலையைப் போல நடத்தியவர். நேரம் தவறினால் பொறுக்க மாட்டார். ரூபாய் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும். அத்தகையவர், சந்தையில் விலை விழுந்துகிடந்த ஒரு நடிகரை எடுத்து 1940-இல் உத்தம புத்திரன் படத்தில் இரட்டை வேடம் கொடுத்தார். தமிழின் முதல் இரட்டை வேடப் படம் என்று பெயர் பெற்ற படம் அது. ஒரு சம்பளத்தில் இரண்டு கதாநாயகர்கள்! கணக்கு தெரிந்த முதலாளிக்கு இதைவிட நல்ல பேரம் அமையாது.

அதன் பிறகு சரிவு இல்லை. 1941-இல் ஆர்யமாலா, 1942-இல் கண்ணகி, மனோன்மணி. கண்ணகியில் கண்ணாம்பாவுக்கு இணையாகக் கோவலனாக நின்றார். 1944-இல் வந்த ஜகதலப்பிரதாபனில் ஒரே கச்சேரிக் காட்சியில் பாடகரும் அவரே, பக்கவாத்தியக்காரர்களும் அவரே. எம்.கே.தியாகராஜ பாகவதருக்கு நிகரானவர் அவர் ஒருவரே என்று ரசிகர்கள் இரு கட்சியாகப் பிரிந்தனர். அந்த ஆண்டுக் கடைசியில் பாகவதர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். அவரை நம்பித் தொடங்கவிருந்த படங்கள் நின்றன. முன்பணங்கள் திரும்பக் கேட்கப்பட்டன. 1947-இல் விடுதலையாகி வந்தபோது சந்தை அவருக்காகக் காத்திருக்கவில்லை. மேடையில் நிற்பவனின் வருமானம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதற்குச் சின்னப்பாவின் கண்ணெதிரே இதைவிடப் பெரிய சாட்சி வேறு இருந்திருக்க முடியாது.

இப்போது வீடுகளுக்கு வருகிறேன். புதுக்கோட்டையில் சின்னப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தால், படங்களுக்கு முன்பே வீடுகள்தான் வரும். சம்பாதித்ததையெல்லாம் சொந்த ஊரில் வீடுகளாக வாங்கிக் குவித்தார். எத்தனை வீடுகள் என்பதில் ஆளுக்கொரு எண். நூற்றுக்கு மேல் என்பதில் மட்டும் ஊர் ஒன்றுபடும். இப்படியே போனால் ஊரே ஒருவர் கைக்குப் போய்விடும் என்று அஞ்சி, இனி அவருக்கு யாரும் வீடு விற்கக் கூடாது என்று சமஸ்தானம் ஆணையிட்டதாக ஒரு கதை உண்டு. தொண்டைமான் அரசு தன் குடிமகன் ஒருவனின் சம்பளத்தைக் கண்டு பயந்தது என்பதில் எங்கள் ஊருக்கு ஓர் அடக்க முடியாத பெருமை.

பலர் இதைப் புகழ் தலைக்கேறிய நடிகரின் ஆடம்பரமாகச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்டுடியோ முதலாளி ஒரு படத்தில் இழந்ததை அடுத்த படத்தில் எடுப்பார். ஒரு நடிகர் போனால் இன்னொருவரை வைப்பார். கழக உரிமையாளர் இவ்வாண்டின் நஷ்டத்தை வேறு தொழிலின் லாபத்தில் கரைப்பார். அவர்களுடைய கணக்கேட்டில் பல பக்கங்கள். சின்னப்பாவிடம் இருந்தது ஒரே ஒரு தொண்டை. அது ஒருமுறை உடைந்ததை அவர் பார்த்திருக்கிறார்; விரதமிருந்து உட்கார்ந்த நாள்களும் மறந்திருக்காது. வாய்ப்பு நின்றாலும் வாடகை வரும். ஓய்வூதியமும் காப்பீடும் சங்கமும் இல்லாத தொழிலில், கயிறு திரிக்கப் போன பிள்ளைக்குத் தெரிந்த ஒரே சேமநிதி செங்கல்லும் சுண்ணாம்பும்தான். எல்லாவற்றையும் ஒரே ஊரில் போட்டது நல்ல முதலீடா என்று இன்றைய நிதி ஆலோசகர் கேட்பார். கேட்கட்டும்.

1944-இல், தம்முடன் பிருதிவிராஜன் படத்தில் நடித்த ஏ.சகுந்தலாவை மணந்தார். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1949-இல் மங்கையர்க்கரசி, கிருஷ்ண பக்தி, ரத்னகுமார் என்று படங்கள் வந்துகொண்டிருந்தன. 1951 செப்டம்பர் 23 அன்று புதுக்கோட்டையில் திடீரென இறந்தார். வயது 35. இன்றைய கால்பந்து வீரர் ஓய்வை அறிவிக்கும் வயது.

கடைசிப் படமான சுதர்சன் அவர் மறைவுக்குப் பின்னரே திரைக்கு வந்தது. வாரிசுக்கோ குடும்பத்துக்கோ தொழில் ஏதும் செய்யக் கடமைப்பட்டதாக அன்று எந்த ஏற்பாடும் இல்லை. மறு ஆண்டு, 1952-இல், தென்னிந்திய நடிகர் சங்கம் தொடங்கப்பட்டது. ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சின்னப்பாவோடு பந்தியில் அமர்ந்து உண்ட எம்.ஜி.ஆர். பின்னாளில் அதன் தலைவரானார்.