அமைதியைக் கற்றுத்தந்த வைத்தியர்: டொக்டர் மரியா மொன்ரிசோரி

புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் மாதங்களில் என்னிடம் வரும் சிறுவர் தொகை கூடிவிடும். வயிற்றுவலி, தலையிடி, காலையில் வாந்தி என்று தாய்மார் சொல்வார்கள். பரிசோதித்தால் பலருக்கு ஒரு நோயும் இராது. பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்தால் மட்டும் வியர்த்துக் குளிர்ந்திருக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு நான் எழுதிக்கொடுக்கும் மருந்தைவிட, மூச்சை மெதுவாக விடவும் உடலைத் தளர்த்தவும் சொல்லிக்கொடுக்கும் ஐந்து நிமிடமே அதிகம் உதவுகிறது. பதறும் பிள்ளைக்கு அமைதியைப் பாடமாகவே கற்பிக்கலாம் என்பதை நூறு ஆண்டுகளுக்கு முன்னரே செய்து காட்டியவர் ஒரு பெண் வைத்தியர். எமது பழைய மாணவிகள் சங்கம் நூற்றாண்டு காணும் இவ்வேளையில் அவரது வாழ்க்கையை நினைவுகூர விரும்புகிறேன்.

மரியா மொன்ரிசோரி 1870 ஓகஸ்ட் 31 ஆம் திகதி இத்தாலியில் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அரசாங்க உத்தியோகத்தர். மகள் வைத்தியராவதை அவர் விரும்பவில்லை, தாயார்தான் துணைநின்றார். உரோம் பல்கலைக்கழகத்தில் ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிரேதம் அறுத்துப் படிப்பது பெண்ணுக்குத் தகாது என்று கருதப்பட்டதால், மற்றவர்கள் போன பின்பு தனியே இருந்து அந்தப் பாடத்தைப் படித்தார். 1896 இல் பட்டம் பெற்று, இத்தாலியின் முதற் பெண் வைத்தியர்களுள் ஒருவரானார்.

மனநோயாளர் விடுதிகளில் பெரியவர்களோடு அடைத்து வைக்கப்பட்டிருந்த, அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளே அவரது முதல் ஆசான்கள். இவர்களுக்கு வேண்டியது மருந்தல்ல, கைகளுக்கு வேலையும் புலன்களுக்குப் பயிற்சியுமே என்று அவர் கண்டார். இதார், செகெய்ன் என்னும் இரு பிரெஞ்சு வைத்தியர்களின் நூல்களைத் தேடிப் படித்து, அவ்வழியில் அப்பிள்ளைகளுக்குக் கற்பித்தார்.

1907 ஜனவரி 6 ஆம் திகதி, உரோம் நகரின் வறிய குடியிருப்பான சான் லொரென்சோவில் அவரது முதலாவது சிறுவர் இல்லம் திறக்கப்பட்டது. பெற்றோர் நாள் முழுதும் வேலைக்குப் போக, மாடிப்படிகளில் அலைந்து திரிந்த ஐம்பதுக்கு மேற்பட்ட சின்னஞ்சிறு பிள்ளைகள் அங்கு சேர்ந்தார்கள். அழுகையும் மிரட்சியுமாக வந்தவர்கள் அவர்கள்.

ஒருநாள் முற்றத்தில் ஒரு தாய் நான்கு மாதக் கைக்குழந்தையுடன் நின்றார். மொன்ரிசோரி அக்குழந்தையை வாங்கி வகுப்புக்குள் எடுத்துப்போய், அது எவ்வளவு அசையாமல் இருக்கிறது, எவ்வளவு மெல்ல மூச்சு விடுகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டினார். அதுபோல இருக்க முடியுமா என்று விளையாட்டாகவே கேட்டார். பிள்ளைகள் காலையும் கையையும் அசைக்காமல், மூச்சையும் மெதுவாக்கி அமர்ந்தார்கள். அதுவரை ஒருவருக்கும் கேட்காத மணிக்கூட்டின் ஓசை அறையில் கேட்கத் தொடங்கியது. அந்த நிலையைப் பிள்ளைகள் விரும்பியதைக் கண்டு அவரே வியந்தார்.

அதிலிருந்து பிறந்ததே மௌனப் பாடம். சன்னல்களைச் சாத்தி வெளிச்சத்தைக் குறைப்பார்கள். பிள்ளைகள் அசையாமல் இருந்து சுற்றியுள்ள ஓசைகளைக் கேட்பார்கள். பிறகு ஆசிரியை அடுத்த அறையில் நின்று, ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் இரகசியம் போல அழைப்பார். பெயர் கேட்ட பிள்ளை ஓசையின்றி எழுந்து, கதிரையில் முட்டாமல் நடந்து அவரிடம் போகும். நாற்பது பேரில் கடைசிப் பெயருக்குரிய பிள்ளையும் பொறுமையாகக் காத்திருந்தது. இத்தனை நேரம் காத்திருப்பதற்காக இனிப்புத் தருவதாகச் சொல்லிப் பார்த்தார்; பிள்ளைகள் அதை வேண்டாம் என்றார்கள். வாயை மூடு என்ற கட்டளையால் வரும் அமைதியும் பிள்ளை தானே உண்டாக்கும் அமைதியும் வெவ்வேறானவை என்று அவர் அங்கு அறிந்தார்.

வைத்தியராக நான் இதற்கு ஒரு விளக்கம் சேர்க்கலாம். மூச்சை மெதுவாக வெளியே விடும்போது வேகஸ் என்னும் நரம்பு இதயத்துடிப்பைத் தணிக்கிறது. அசையாமல் இருந்து ஓர் ஓசைக்குக் காதுகொடுக்கும் மனம், வரப்போகும் ஆபத்தை எண்ணிச் சுழல்வதைச் சற்று விடுகிறது.

இவ்வழியின் கடுமையான சோதனை ஒரு பேரழிவில் வந்தது. 1908 டிசம்பர் 28 ஆம் திகதி அதிகாலையில் மெசீனா நகரைப் பூகம்பமும் அதைத் தொடர்ந்து ஆழிப்பேரலையும் தாக்கின. 70,000 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். இடிபாடுகளில் தனித்துக் கிடந்த ஏறக்குறைய 60 பிள்ளைகள் உரோமில் ஒரு கன்னியர் மடத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுடைய பெயர்கூட ஒருவருக்கும் தெரியாது. பேசவில்லை, சரியாக உண்ணவில்லை, இரவில் அலறி எழுந்தார்கள். மொன்ரிசோரியின் முறைப்படி கன்னியர்கள் அவர்களுக்குச் சிறிய மேசைகளும் அழகிய பாத்திரங்களும் பூக்களும் வைத்தார்கள். மேசை விரிப்பது, பாத்திரம் கழுவுவது, ஓசையின்றி நடப்பது என்று ஒவ்வொன்றாகப் பழக்கினார்கள். சிறிது சிறிதாகப் பசி திரும்பியது. உறக்கமும் சிரிப்பும் பின்னால் வந்தன.

இந்த வரலாற்றை வாசித்தபோது எனக்கு 2004 டிசம்பர் நினைவுக்கு வந்தது. மருத்துவ பீட மாணவியாக நான் உதவிக்குப் போன முகாமில், கடலின் பக்கம் முதுகைத் திருப்பியபடியே இருந்த பிள்ளைகளைக் கண்டேன். அவர்களிடம் என்ன பேசுவதென்று எமக்குத் தெரியவில்லை. முகாமிலிருந்த ஒரு பாட்டி மட்டும் அவர்களைக் கூட்டி, சமையலுக்குக் கீரை ஆயவைத்தார். எங்களைவிட அவரே நல்ல வைத்தியம் செய்தார் என்று பின்னாளில் விளங்கியது.

முதலாம் உலகப்போர் நடந்த 1917 இல், போரில் மனம் உடைந்த பிள்ளைகளுக்காக வெண்சிலுவை என்ற பெயரில் ஓர் அமைப்பை உருவாக்க மொன்ரிசோரி முயன்றார். காயத்துக்குக் கட்டுப்போடத் தாதியர் இருப்பதுபோல, மனக்காயத்தைப் பார்க்கப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வேண்டும் என்பது அவரது எண்ணம். அது கைகூடவில்லை.

உலகின் பிள்ளைகளுக்கு ஆறுதல் தேடிய அவரது சொந்த வாழ்வில் ஆறாத ஒரு துயர் இருந்தது. 1898 இல் திருமணமின்றிப் பிறந்த தம் மகன் மாரியோவை அவர் கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளரவிட்டார். அந்நாளைய சமூகத்தில் உண்மை வெளிப்பட்டிருந்தால் அவரது பணி அத்தோடு முடிந்திருக்கும். மாரியோ பதினைந்து வயதளவில்தான் தாயிடம் வந்து சேர்ந்தார்; அதன் பின்னும் நெடுங்காலம் உறவுக்காரப் பிள்ளை என்றே அறியப்பட்டார்.

1939 நவம்பரில், 69 வயதில், மாரியோவுடன் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்தார். 300 இற்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயில வந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் சொன்னார். 1940 யூனில் இத்தாலி போரில் இறங்கியதும் மாரியோ அகமதுநகர் முகாமில் தடுத்துவைக்கப்பட்டார். தாய் அடையாற்றில் கட்டுப்படுத்தப்பட்டார். ஓகஸ்ட் 31 இல், அவரது 70 ஆவது பிறந்தநாளில், அரசாங்கம் மாரியோவை விடுவித்தது. அதை அறிவித்த தந்தியில் மாரியோ அவருடைய மகன் என்றே குறிப்பிடப்பட்டிருந்தது.

1944 இல் இலங்கைக்கும் வந்து, ஆசிரியர் பயிற்சியை நடத்தினார். எமது நாட்டில் இன்று எந்தப் பாலர் பாடசாலையையும் மொன்ரிசோரி என்றே அழைக்கிறோம். அந்தப் பெயர் எமது ஊர்ச்சொல்லாகிவிட்டது. ஆனால் அங்கேயும் மூன்று வயதுப் பிள்ளைக்கு வீட்டுவேலைக் கொப்பியும் பரீட்சையும் வந்துவிட்டன. மௌனப் பாடத்தை எங்கேயும் காணவில்லை.

சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு மும்முறை முன்மொழியப்பட்ட அவர், 1952 மே 6 ஆம் திகதி ஒல்லாந்தில் காலமானார்.

எமது சங்கம் அடுத்த நூறாண்டுக்குக் கட்டடங்களையும் கணினி அறைகளையும் பற்றி யோசிக்கிறது. அவற்றோடு நாள் ஒன்றுக்கு ஐந்து நிமிட மௌனப் பாடத்தையும், அதைக் கற்பிக்க ஆசிரியைகளுக்குப் பயிற்சியையும் சேர்க்கலாம் என்பது என் வேண்டுகோள். இதை ஒருபோதும் தண்டனையாக்கக் கூடாது. கண்ணை மூடப் பயப்படும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. பயங்கரத்தைக் கண்ட பிள்ளைக்கு இருட்டே பயமாக இருக்கலாம். அது கண்ணைத் திறந்துகொண்டு ஒரு பூவைப் பார்த்திருக்கட்டும். வாரக்கணக்கில் உண்ணாமல் உறங்காமல் வாடும் பிள்ளையை வைத்தியரிடம் அனுப்பவேண்டும்.

எமக்கு இது புதிதும் அல்ல. முதலாம் வகுப்பில் எமக்குப் படிப்பித்த ரீச்சர், விடும் மணிக்கு முன் எல்லோரையும் மேசையில் தலைசாய்க்கச் சொல்வார். பிறகு ஒவ்வொருவரையும் மெல்லிய குரலில் பெயர்சொல்லிக் கூப்பிடுவார். தூரத்தில் ஷெல் விழும் சத்தம் கேட்ட நாட்களிலும் அவர் குரலை உயர்த்தியதில்லை; நாம் அவர் குரலுக்கே காதுகொடுத்திருந்தோம். அதுதான் மௌனப் பாடம் என்று நான் அறிந்தது மருத்துவம் படித்து முடித்த பிறகே. அந்த வகுப்பில் இருந்தவர்கள் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருக்கிறார்கள். இதை வாசிக்கும்போது, தங்கள் பெயர் அந்தக் குரலில் அவர்களுக்கும் கேட்கும்.