அழகப்பரும் உப்பீரமும்

இராமேசுவரத் தீவிலுள்ள அக்காள்மடத்தில் சென்ற விடுமுறையில் நாம் தங்கிய வீட்டில், ஓரிரவு மேற்றளத்தினின்றும் காங்கிரீட்டுப் பாளமொன்று பெயர்ந்து, குழந்தை உறங்கிய பாய்க்கு ஒரு சாண் தள்ளி வீழ்ந்தது. அன்று மழையில்லை. கடற்காற்றுக் கொணரும் உப்பானது சுவரிற் படிந்து, காற்றிலுள்ள நீராவியைத் தானே ஈர்த்துக்கொள்ளும். அவ்வுப்பீரம் காங்கிரீட்டினுள் ஊறி இரும்புக் கம்பியைச் சேரும். கம்பி துருவேறின் அதன் பருமன் பன்மடங்காகும். பெருத்த துருவே காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். இக்கேட்டினை ஆராயும் நிலையமொன்று நம் கடற்கரைக்கு அணித்தாய்க் காரைக்குடியில் அமையக் காரணராயினார் அழகப்பச் செட்டியார்.

அன்னார் 1909-ஆம் ஆண்டு ஏப்பிரல் 6-ஆம் நாள் கோட்டையூரிற் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் கற்று எம்.ஏ. பட்டம் பெற்று, இலண்டனிற் பாரிஸ்டரானார். விமானம் ஓட்டவும் ஆங்கே பழகினார். நூற்பாலை, விமானக் கம்பெனி என அவர் நடத்திய தொழில்களை ஈண்டு விரித்தல் வேண்டா. ஈட்டியதை எவ்வாறு ஈந்தார் என்பதே நாம் அறியத்தக்கது. 1947-இல் காரைக்குடியிற் கல்லூரி கண்டார். பெண்கள் கல்லூரிக்குத் தாம் குடியிருந்த மாளிகையையே விட்டுக்கொடுத்தார்.

அக்காலத்தே இந்திய அரசாங்கத்தார் தேசிய ஆராய்ச்சிக் கூடங்களை நிறுவி வந்தனர். அத்தகைய கூடம் வறண்ட செட்டிநாட்டை நாடி வருமென யார் எண்ணுவர்? அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அளித்தார். பொட்டல் நிலந்தானே என இகழ்வார், அந்நாளில் அப்பணத்தின் மதிப்பை எண்ணுக. 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பெற்றது.

துருவின் இயல்பை அழகப்பர் ஆழ்ந்து கற்றவர் என நாம் கூறத் துணியோம். தம் நாட்டில் விஞ்ஞானம் வேரூன்றவேண்டும் என்பதே அவர் வேட்கை. ஆயினும் இடம் நன்கு வாய்த்தது. நிலையத்தார், பாம்பன் கடலுக்கு இப்பாலுள்ள மண்டபத்தில் உலோகங்களைக் கடற்காற்றில் வைத்து அவை அரிபடும் அளவை ஆராய்ந்தனர். கம்பிகளுக்கெனச் சிமெண்டும் பாலிமரும் கலந்த பூச்சொன்றையும் ஆக்கினர்.

அழகப்பரைத் தொழுநோய் நெடுநாள் வருத்திற்று, ஈகையோ குன்றவில்லை. 1956-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1957 ஏப்பிரல் 5-ஆம் நாள், நாற்பத்தெட்டு வயது நிறைய ஒருநாளே எஞ்சியிருக்க, மறைந்தார்.

அக்காள்மடத்து வீட்டாரோ, முன்னொருமுறை பெயர்ந்த இடத்தில் வெறுஞ் சிமெண்டை அப்பிச் சுண்ணாம்படித்திருந்தனர். அதுவே மீண்டும் வெடித்தது. நாம் புறப்பட்ட நாளிற் கொத்தனார் சாரத்தின்மேலிருந்து கம்பியின் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தார்; கீழே பூச்சுக் கலவை ஆயத்தமாயிருந்தது.