டாக்டர் மேரி ரட்ணம்: பெண்களின் நோயைப் பேசவைத்த வைத்தியர்

கஹவத்தையைச் சுற்றியுள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் கலியாணமாகி இரண்டு மூன்று வருடமாகியும் பிள்ளை இல்லையென்றால் பழி பெண்ணின் மேல்தான் விழும். நேர்த்தி வைப்பார்கள், நூல் கட்டுவார்கள். மாதவிலக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது என்பதை மட்டும் அவள் மாமியாரிடமும் சொல்லமாட்டாள், தோட்டத்து டிஸ்பென்சரியிலும் சொல்லமாட்டாள். 1977, 1981, 1983 வன்செயல்களில் சப்ரகமுவத் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போய், பின்னர் போருக்குள்ளும் அகப்பட்ட குடும்பங்கள் இந்த மௌனத்தையும் கூடவே கொண்டுபோயின.

இந்த மௌனத்தோடு ஏறக்குறைய அறுபது வருடம் மல்லுக்கட்டிய வைத்தியர் ஒருவர் இலங்கையில் இருந்தார். மேரி இர்வின் என்ற பெயரில் 1873இல் கனடாவில் பிறந்தவர். பெண்கள் வைத்தியம் படிப்பதே அபூர்வமாயிருந்த காலத்தில் படித்து வைத்தியரானார். இலங்கைத் தமிழரான சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரட்ணத்தை மணந்து, 1896இல் மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணத்துக்கு வந்தார். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி தமிழரை மணந்ததை அங்கிருந்த மிஷனரிமாரால் சீரணிக்க முடியவில்லை. அவர் கொழும்புக்குப் போக நேர்ந்தது. யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு அது பெரிய நட்டம் என்றே சொல்லவேண்டும்.

கொழும்பில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தபோது, மருந்துப் போத்தலால் மட்டும் ஆகாது என்பதைக் கண்டார். தன் உடலில் என்ன நடக்கிறது என்று தெரியாத பெண், நோய் முற்றிய பிறகுதான் வருகிறாள். ஆகவே பெண்கள் சங்கங்களைத் தொடக்கினார், பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சுகாதார நூல் எழுதினார், பாலியல் கல்வி வேண்டும் என்று வாதாடினார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவர்களில் ஒருவராக நின்றார். 1931இல் அது கிடைத்தது. அதற்கு முந்திய வருடம் அவர் தொடக்கிய லங்கா மகிளா சமிதி, கிராமத்துப் பெண்களை ஒன்றுகூட்டிச் சுகாதாரம், போசாக்கு, பிள்ளை வளர்ப்புப் பற்றிப் பேசவைத்தது. ஆனால் சமிதியின் களம் கிராமம். தோட்டத்து லயன்களோ துரைமாரின் அனுமதியின்றி வெளியார் நுழைய முடியாத இடங்களாக இருந்தன.

1935இல், மேரிக்கு 62 வயதாகும்போது, சிகாகோவில் ஸ்டெய்ன், லெவன்தால் என்ற இரு வைத்தியர்கள் ஏழு பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதவிலக்கு ஒழுங்கில்லாமை, பிள்ளைப்பேறின்மை, சிலருக்கு முகத்தில் உரோமம், எல்லோருக்கும் சிறு கட்டிகள் நிறைந்த பெரிய சூலகங்கள். இன்று பி.சி.ஓ.எஸ் என்று நாம் சொல்லும் நோய் இதுதான். பெயர் வைத்ததற்கு முன்னரும் அது இருந்தது. மலடி என்று தள்ளிவைக்கப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு அது இருந்ததோ.

நீர்க்கட்டி என்ற சொல் வீணாகப் பயமுறுத்துகிறது. அவை முழுதாக முதிராமல் நின்றுபோன சிறு முட்டைப் பைகள். வெட்டி எடுக்கவேண்டிய கட்டிகள் அல்ல. பலருக்கு உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. உடல் அதிகமாக இன்சுலினைச் சுரக்க, சூலகம் ஆண் ஓமோனைக் கூட்டுகிறது, முட்டை வெளியாவது தடைப்படுகிறது. கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடிப்பது அதற்கு ஓர் அடையாளம். அதை அழுக்கென்று தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. மெலிந்த பெண்ணுக்கும் இது வரும். கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயது வரையான பெண்களிடம் நடந்த ஆய்வு, நூற்றுக்கு ஆறு பேருக்கு மேல் இது இருப்பதாகக் கண்டது. பிள்ளை வேண்டாதவரும் கவனிக்கவேண்டும்: பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுகிறது, மாதக்கணக்காக மாதவிலக்கு வராதிருந்தால் கருப்பை உட்படலத்தில் புற்றுநோய் வரும் அபாயம் கூடுகிறது, மனச்சோர்வும் சேர்ந்துகொள்கிறது. இடம்பெயர்வு, பட்டினி, அதிர்ச்சி, தைரொயிட் கோளாறு ஆகியவற்றாலும் மாதவிலக்கு நிற்கும். எது காரணம் என்பதை வைத்தியர்தான் பிரித்தறிய வேண்டும்.

முற்றாகக் குணமாக்கும் மருந்து இல்லை, கட்டுப்படுத்தலாம். உடல் பருமனானவர் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காகிறது. சீனி போட்ட தேத்தண்ணீரும் கோதுமை மா ரொட்டியுமே நாளின் பெரும்பகுதிச் சாப்பாடாக உள்ள லயனில் இதைச் சொல்வது சுலபம், செய்வது கடினம். முட்டை வெளியாக உதவும் மாத்திரைகளும் உண்டு. இந்த நோயுள்ள பெரும்பாலானோர் தாயாக முடியும். அரசாங்கத்தின் சுகவனிதையர் கிளினிக்குகள் முக்கியமாக 35 வயதை எட்டியவர்களுக்கானவை. பி.சி.ஓ.எஸ் பதின்மவயதிலேயே தொடங்கிவிடுவதால், அதுவரை காத்திராமல் பகுதிக் குடும்பநல மருத்துவிச்சியிடம் சொல்லலாம்.

மேரி 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார்; அதன் முதல் பெண் உறுப்பினர் அவர். சில மாதங்களில் சட்ட நுணுக்கமொன்றால் அந்தப் பதவி பறிபோனது. குடும்பக் கட்டுப்பாட்டுக்காகக் கிளினிக் திறந்தபோது எதிர்ப்பு வந்தது. 1953இல், எண்பது வயதில், குடும்பத் திட்டச் சங்கத்தைத் தொடக்கியவர்களிலும் அவர் இருந்தார். 1958இல் ரமொன் மக்சேசே விருது கிடைத்தது. 1962இல் காலமானார்.