27 டெஸ்ட்... 189 விக்கெட்: உலகின் சிறந்த பவுலர் ஏன் சனிக்கிழமை லீக் ஆடப் போனார்? சிட்னி பார்ன்ஸின் கதை

ஒரே டெஸ்ட் தொடரில் அதிக விக்கெட் எடுத்த பவுலர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் ஷேன் வார்னே என்போம், இல்லை முரளிதரன் என்போம். கொஞ்சம் பழைய கணக்கு தெரிந்தவர்கள் 1956-ல் 46 விக்கெட் எடுத்த ஜிம் லேக்கரைச் சொல்வார்கள். மூன்றுமே தவறு. பதில் சிட்னி பார்ன்ஸ். 1913-14-ல் தென்னாப்பிரிக்காவில் 49 விக்கெட். அதுவும் ஐந்து போட்டிகளில் அல்ல, நான்கே போட்டிகளில். ஐந்தாவது டெஸ்ட்டில் அவர் ஆடவில்லை. காயம் எதுவும் இல்லை. பணத் தகராறு!

நூறு வருஷம் தாண்டியும் யாராலும் தொட முடியாத சாதனை. அதை இன்னும் பெரிதாக்கும் வாய்ப்பு கையில் இருந்தபோது, மனுஷர் ஆட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். ஏன்? அதைப் புரிந்துகொள்ள அவர் எப்படிப் பிழைப்பு நடத்தினார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

யார் இந்த பார்ன்ஸ்?

சிட்னி பிரான்சிஸ் பார்ன்ஸ் 1873 ஏப்ரல் 19-ல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில் உள்ள ஸ்மெத்விக் ஊரில் பிறந்தார். தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். எளிய குடும்பம். இருபத்தொரு வயதில் வார்விக்‌ஷயர் கவுன்டி அணிக்குச் சில போட்டிகள் ஆடிப் பார்த்தார். பெரிதாக எதுவும் நடக்கவில்லை. உடனே லங்காஷயர் லீகில் ரிஷ்டன் என்ற கிளப்புக்குப் போய்விட்டார்.

அங்கேதான் அவருடைய வாழ்க்கைக் கணக்கு பிடிபட்டது. கவுன்டி அணியின் தொழில்முறை வீரர் என்றால் கோடைக்காலம் முழுக்க, வாரத்தில் ஆறு நாள் ஆட வேண்டும். உடம்பு முறியும். குளிர்காலம் வந்தால் வருமானம் நின்றுவிடும். லீக் அப்படி இல்லை. சனிக்கிழமை மதியம் ஒரு மேட்ச். கிளப் சம்பளம் தரும். அன்றைக்கு நன்றாக ஆடினால் ரசிகர்களிடம் தொப்பி ஏந்தி வசூல் செய்து வீரரிடமே கொடுத்துவிடுவார்கள். மற்ற நாட்களில் வேறு வேலை பார்க்கலாம். பார்ன்ஸும் குமாஸ்தா வேலை பார்த்தார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்; பிற்காலத்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர் கவுன்டி நிர்வாகத்துக்கு ஆவணங்களை அழகெழுத்தில் எழுதித் தரும் வேலையும் அந்தக் கைகளுக்குக் கிடைத்தது.

அமெச்சூர், புரொஃபஷனல்: என்ன வித்தியாசம்?

இன்றைக்கு புரொஃபஷனல் என்பது பாராட்டு. அன்றைய இங்கிலாந்தில் அது ஒரு படி கீழே இருப்பதன் அடையாளம். வசதியான வீட்டுப் பிள்ளைகள் அமெச்சூர்கள். சம்பளம் வாங்காமல் ஆடுபவர்கள் என்று பெயர். கூலிக்கு ஆடுபவர்கள் புரொஃபஷனல்கள். பல மைதானங்களில் இரு தரப்புக்கும் தனித்தனி உடை மாற்றும் அறை, களத்துக்குள் இறங்கத் தனித்தனி வாசல். ஸ்கோர் கார்டில் பெயர் அச்சிடும் முறைகூட வேறு. ஒரே அணிதான், ஆனால் வாசல் வேறு! கேப்டன் பதவி அமெச்சூருக்கு என்பது எழுதாத சட்டம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அமெச்சூர் என்று சொல்லிக்கொண்ட டபிள்யூ.ஜி. கிரேஸ் பயணச் செலவு, நன்கொடை நிதி என்ற பெயர்களில் எந்த புரொஃபஷனலையும்விட அதிகம் சம்பாதித்தார். உழைத்து பந்துவீசுகிற வேலை பெரும்பாலும் புரொஃபஷனல்கள் தலையில். பேசும் உரிமை மட்டும் கிடையாது. பார்ன்ஸ் பேசினார். அதனால்தான் முரடர், சிடுமூஞ்சி என்ற பெயர் வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொண்டது.

ஒரே தாவலில் இங்கிலாந்து அணிக்கு

1901-ல் பார்ன்ஸ் பர்ன்லி கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியா செல்லும் அணிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார் கேப்டன் ஆர்ச்சி மெக்லாரன். ஓல்டு டிராஃபோர்டு வலைப்பயிற்சியில் பார்ன்ஸை பந்துவீசச் சொல்லி, தானே எதிர்கொண்டார். பந்து கையிலும் விரலிலும் பட்டுக்கொண்டே இருந்தது. அவ்வளவுதான், முடிவு செய்துவிட்டார். முதல்தர கிரிக்கெட்டில் விரல் விட்டு எண்ணும் அளவுக்கே ஆடியிருந்த ஒருவர் டெஸ்ட் தொடருக்குக் கப்பல் ஏறுகிறார் என்றதும் இங்கிலாந்தில் பலர் சிரித்தார்கள்.

சிட்னியில் முதல் டெஸ்ட்டின் முதல் இன்னிங்ஸிலேயே 65 ரன்னுக்கு 5 விக்கெட். இரண்டாவது டெஸ்ட் மெல்போர்னில் 13 விக்கெட். இரண்டே போட்டியில் 19! மூன்றாவது டெஸ்ட்டில் முழங்கால் விட்டுப்போனது, பாதியிலேயே வெளியேறினார். முதல் டெஸ்ட்டை வென்ற இங்கிலாந்து, மீதி நான்கையும் தோற்றது.

திறமை பிடித்திருந்தாலும் குணம் கேப்டனுக்கு ஒத்துவரவில்லை. கப்பல் புயலில் மாட்டியபோது, மூழ்கினாலும் பரவாயில்லை, பார்ன்ஸும் நம்மோடு மூழ்குவாரே என்று மெக்லாரன் ஆறுதல் பட்டுக்கொண்டதாக ஒரு கதை உண்டு.

அந்தப் பந்தில் அப்படி என்ன இருந்தது?

பார்ன்ஸ் மின்னல் வேகப் பவுலர் இல்லை. வேகத்துக்கும் மிதவேகத்துக்கும் இடைப்பட்ட வகை. உயரமான உருவம். கை நேராக மேலிருந்து இறங்கும். புதுப்பந்தை இரண்டு பக்கமும் ஸ்விங் செய்வார். இதை நன்றாகச் செய்த வேறு சிலரும் உண்டு. வித்தியாசம் அடுத்தது: அதே வேகத்தில் பந்தைச் சுழற்றவும் செய்தார். சாதாரண லெக் ஸ்பின்னர் மணிக்கட்டைத் திருப்பிச் சுழற்றுவார், அதற்கு வேகத்தைக் குறைத்தாக வேண்டும். பார்ன்ஸ் விரல்களாலேயே சுழற்றினார், மணிக்கட்டு காட்டிக்கொடுக்காது.

விளைவு? பந்து காற்றில் வலக்கை பேட்ஸ்மேனை நோக்கி உள்ளே வரும். அவர் லெக் ஸ்டம்ப் பக்கம் ஆடத் தயாராவார். தரையில் பட்டதும் அது எதிர்த்திசையில் திரும்பி ஆஃப் ஸ்டம்பைத் தட்டும், அல்லது பேட் விளிம்பைத் தொட்டு ஸ்லிப்புக்குப் போகும். இன்று லெக் கட்டர் என்று சொல்லும் பந்துக்குச் சொந்தக்கார அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் தன்னுடையது வெறும் கட்டர் இல்லை, சுழற்றப்பட்ட பந்து என்பதில் அவர் கடைசி வரை பிடிவாதமாக இருந்தார்.

உச்சத்தில் இருந்தபோதே ஏன் விலகினார்?

1902-ல் ஷெஃபீல்டு டெஸ்ட்டில் 49 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். அடுத்த டெஸ்ட்டில் அவருக்கு இடமில்லை. அந்தப் போட்டியில்தான் இங்கிலாந்து 3 ரன்னில் தோற்று, ஆஷஸையும் விட்டது. 1903-ல் லங்காஷயருக்காக ஒரே சீசனில் 131 விக்கெட். யாராக இருந்தாலும் சம்பளத்தை உயர்த்தி உட்கார வைப்பார்கள். பார்ன்ஸ் கேட்டது பாதுகாப்பு: சீசன் முடிந்த பிறகும் பிழைக்க ஒரு வழி. பேச்சு ஒத்துவரவில்லை. கிளம்பிவிட்டார்.

அதன் பிறகு அவர் எந்தப் பெரிய கவுன்டிக்கும் முழுநேரமாக ஆடவே இல்லை. சனிக்கிழமைகளில் லீக், நடுவில் சொந்த ஊர் அணியான ஸ்டாஃபோர்ட்ஷயருக்கு மைனர் கவுன்டி போட்டிகள். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், ரஞ்சி டிராபியை விட்டுவிட்டு மாவட்ட லீக் ஆடப்போன மாதிரி. 1902 ஜூலைக்குப் பிறகு 1907 டிசம்பர் வரை ஒரு டெஸ்ட்கூட இல்லை. 29 வயது முதல் 34 வயது வரை, ஒரு பவுலரின் பொன்னான காலம் அப்படிப் போனது.

ஆனால் இதில் இன்னொரு பக்கமும் உண்டு. கவுன்டியில் வாரம் ஆறு நாள் வீசியிருந்தால் அந்த முழங்கால் நாற்பது வயது வரை தாங்கியிருக்குமா? குறைவாக வீசியதால்தான் நீண்ட காலம் வீசினார் என்று வாதிடவும் இடமிருக்கிறது.

திரும்பி வந்தபோது...

1907-08-ல் மறுபடி ஆஸ்திரேலியா. ஐந்து டெஸ்ட்டில் 24 விக்கெட். ஆனால் மெல்போர்ன் டெஸ்ட்டில் கைகொடுத்தது பேட்டிங்! வெற்றிக்கு 282 தேவை. 243-ல் ஒன்பதாவது விக்கெட் போனது. பார்ன்ஸும் ஆர்தர் ஃபீல்டரும் 39 ரன் சேர்த்து ஜெயித்துக் கொடுத்தார்கள். பார்ன்ஸ் ஆட்டமிழக்காமல் 38. கடைசி ரன்னுக்கு ஓடியபோது ஃபீல்டர் எறிந்த த்ரோ ஸ்டம்பில் பட்டிருந்தால் டெஸ்ட் வரலாற்றின் முதல் டை அதுவாக இருந்திருக்கும்.

1911-12 தொடரில் முதல் டெஸ்ட்டில் கேப்டன் ஜானி டக்ளஸ் புதுப்பந்தைத் தானே எடுத்துக்கொண்டார். பார்ன்ஸுக்குக் கோபம். இங்கிலாந்து தோற்றது. அடுத்த டெஸ்ட்டில், மெல்போர்னில், பந்து பார்ன்ஸ் கைக்கு வந்தது. பார்ட்ஸ்லி, கெல்லவே, கிளெம் ஹில், ஆர்ம்ஸ்ட்ராங் என நான்கு பேர் காலி. அதற்கு அவர் கொடுத்தது ஒரே ஒரு ரன்! கூட்டம் கூச்சல் போட்டபோது பந்தைத் தரையில் போட்டுவிட்டு, சத்தம் அடங்கும் வரை கை கட்டி நின்றார். அந்தத் தொடரில் பார்ன்ஸ் 34, இளம் ஃபிராங்க் ஃபாஸ்டர் 32 விக்கெட். இங்கிலாந்து 4-1 என்று வென்றது.

1912-ல் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா மூன்று நாடுகளும் மோதிய முத்தரப்புத் தொடர். பார்ன்ஸ் எடுத்தது 39 விக்கெட். அதில் 34 தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக, மூன்றே டெஸ்ட்டில்.

அந்த 49 விக்கெட்

அடுத்த வருஷம் அதே தென்னாப்பிரிக்காவுக்கு அவர்கள் மண்ணிலேயே பந்துவீசப் போனார். வயது 40. அங்கே புல்தரை பிட்ச் இல்லை, பாய் விரித்த பிட்ச். பந்தைச் சுழற்றுபவருக்குக் கொண்டாட்டம். டர்பனில் 10 விக்கெட். ஜோகன்னஸ்பர்க்கில் 159 ரன்னுக்கு 17; லேக்கர் 1956-ல் 19 எடுக்கும் வரை ஒரு டெஸ்ட்டில் இதை யாரும் தாண்டவில்லை. மூன்றாவது டெஸ்ட்டில் 8. மறுபடி டர்பனில் 14. மொத்தம் 49, சராசரி 10.93. அவரைத் தாக்குப்பிடித்து ரன் குவித்தவர் தென்னாப்பிரிக்க கேப்டன் ஹெர்பி டெய்லர் ஒருவர்தான். தொடரில் 508 ரன் எடுத்தார்.

ஐந்தாவது டெஸ்ட் போர்ட் எலிசபெத்தில். பணம் தொடர்பான தகராறில் பார்ன்ஸ் ஆட மறுத்தார். ஏற்கெனவே தொடரை வென்றுவிட்ட இங்கிலாந்து, அந்தப் போட்டியையும் 10 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. சில மாதங்களில் முதல் உலகப்போர் தொடங்கியது. பார்ன்ஸ் பிறகு டெஸ்ட் ஆடவே இல்லை. 50-ஐத் தொடாமலே அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. அப்போது 50-வது விக்கெட், உலக சாதனை என்றெல்லாம் யாரும் கணக்குப் போடவில்லை. பார்ன்ஸ் போட்ட கணக்கு ஒன்றுதான்: சொன்னபடி கொடு, சொன்னபடி வீசுகிறேன்.

அதற்குப் பிறகு?

போர்க்காலத்தில் கவுன்டி கிரிக்கெட் நின்றது. யார்க்‌ஷயரின் பிராட்ஃபோர்டு லீக் நிற்கவில்லை. பார்ன்ஸ் அங்கே சால்டேர் கிளப்பில் ஆடினார். அதே லீகில் ஜாக் ஹாப்ஸும் ஆடினார். 1928-ல் வேல்ஸ் அணிக்காக, 55 வயதில், இங்கிலாந்துக்கு வந்த மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு எதிராக 12 விக்கெட் எடுத்தார். அடுத்த வருஷம் தென்னாப்பிரிக்க அணிக்கு எதிராக 41 ரன்னுக்கு 8 விக்கெட். அறுபது வயதைத் தாண்டியும் ஸ்டாஃபோர்ட்ஷயருக்காகப் பந்து வீசினார்.

27 டெஸ்ட்டில் 189 விக்கெட், சராசரி 16.43. ஒரு போட்டிக்கு ஏழு விக்கெட்! பழைய வீரர்களுக்கும் பின்னோக்கிக் கணக்கிடப்பட்ட ஐசிசி தரவரிசைப் புள்ளிகளில் 932 பெற்று, எல்லாக் காலத்துக்கும் முதலிடத்தில் இருக்கும் பவுலர் அவர்தான்.

இன்றைக்கு ஏன் இந்தக் கதை?

2022-ல் நியூசிலாந்தின் டிரென்ட் போல்ட் தன் நாட்டு வாரியத்தின் ஒப்பந்தத்தை விட்டு வெளியே வந்தார். குடும்பத்துக்கு நேரம் வேண்டும், டி20 லீக்குகளில் ஆட வேண்டும் என்பது காரணம். நாட்டைவிடப் பணம் பெரிதா என்று சிலர் கேட்டார்கள். பார்ன்ஸிடமும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். கேட்டவர்களில் பலருக்கு மாதக் கடைசி என்றால் என்னவென்றே தெரியாது. பந்துவீச்சாளரின் உடம்பு சில வருஷம்தான் ஓடும். அந்த வருஷங்களை யாருக்கு, என்ன விலைக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர் அந்த உடம்புக்குச் சொந்தக்காரர் என்பதே பார்ன்ஸ் வாழ்ந்து காட்டிய நிலைப்பாடு. அதற்கான விலையையும் அவரே கொடுத்தார். ஐந்து வருஷ டெஸ்ட் வாழ்க்கை போனது, 50-வது விக்கெட் போனது.

1949-ல் எம்சிசி கிளப், முன்னாள் புரொஃபஷனல்கள் சிலருக்குக் கௌரவ ஆயுள் உறுப்பினர் பதவி கொடுத்தது. பார்ன்ஸும் அதில் ஒருவர். அப்போது வயது 76. 1952-ல் லென் ஹட்டன் என்ற புரொஃபஷனல் இங்கிலாந்தின் கேப்டன் ஆனார். 1962 நவம்பரில் அமெச்சூர், புரொஃபஷனல் என்ற பிரிவினையே ஒழிக்கப்பட்டது. எல்லாரும் வெறும் கிரிக்கெட் வீரர்கள். அந்தச் செய்தி வந்தபோது பார்ன்ஸுக்கு 89 வயது. 1967 டிசம்பர் 26-ல், 94-வது வயதில், ஸ்டாஃபோர்ட்ஷயரிலேயே அவர் காலமானார்.