கான் சாகிப் பெற்ற தங்கப் பதக்கம்

நம் நகர்வாசிகளே, தேவனாம்பட்டினம் பக்கம் போகும்போது புனித டேவிட் கோட்டையின் இடிபாடுகளைப் பார்த்திருப்பீர்கள். 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபின், 1752 வரை கும்பினியின் தலைமையிடம் அதுதான். அந்தக் கும்பினியின் சிப்பாய்களுக்குத் தளபதியாக உயர்ந்தவர் மருதநாயகம் என்னும் யூசுப்கான்.

1753-54இல் திருச்சி முற்றுகையின்போது, எதிரிகளின் கண்ணில் மண்ணைத் தூவி உணவு வண்டிகளைக் கொண்டுவந்து சேர்த்தார். மேஜர் லாரன்ஸ் பரிந்துரைக்க, கும்பினி அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

பிறகு மதுரையை ஆளும் பொறுப்பும் வந்தது. ஆர்க்காட்டு நவாபுக்கு அவர் அடங்க மறுத்ததும், பதக்கம் தந்த கும்பினியே நவாபுடன் சேர்ந்து மதுரைக் கோட்டையை முற்றுகையிட்டது. உடனிருந்தவர்களே காட்டிக்கொடுத்தனர். 15-10-1764 அன்று தூக்கிலிடப்பட்டார்.

மதுரை சம்மட்டிபுரத்தில் அவருடைய தர்கா இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிடம் நின்று வாருங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது பதக்கத்தோடு தூக்குக் கயிற்றையும் சேர்த்தே சொல்லுங்கள்.